உருது: பாசறைக்குப் பெயர், மொழிக்கும் பெயர்

உருது துருக்கியச் சொல். 'ஓர்து' என்றால் படை இறங்கியிருக்கும் இடம், குறிப்பாக அரசனின் கூடாரம். துருக்கியில் இன்றும் ராணுவத்துக்கு ஓர்து என்றுதான் பெயர். அக்பர் காலத்து நாணயங்கள் சிலவற்றில், அடித்த இடம் 'உர்தூ ஸஃபர் கரீன்' என்று பொறித்திருக்கும்: வெற்றி உடன்வரும் பாசறை. ஊர்ப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பாசறையின் பெயர். அந்த உர்தூ மொழியைக் குறிக்கவில்லை.

'சிப்பாய்கள் கலந்து பேசியதில் பிறந்த மொழி' என்ற கதை இந்தப் பொருளைப் பிடித்துக்கொண்டு வளர்ந்ததுதான். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நிற்காது. உருதுவின் வினையும் இலக்கணமும் அன்றாடச் சொற்களும் டெல்லி வட்டாரத்துப் பேச்சுவழக்கான கடீபோலியுடையவை. பாரசீக, அரபுச் சொற்கள் அதன்மேல் வந்து சேர்ந்தவை. பெயர் வந்த வழியும் வேறு. ஷாஜகான் கட்டிய டெல்லியை 'உர்தூ-எ-முஅல்லா', உயர்ந்த பாசறை, என்றார்கள். அந்நகரத்துப் பேச்சு 'ஸபான்-எ-உர்தூ-எ-முஅல்லா'. இவ்வளவு நீளத்தை யார் சொல்லிக்கொண்டிருப்பது? 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அது வெறும் உருது ஆகிவிட்டது.

அதுவரை அந்த மொழிக்கு ஹிந்தவி, தெஹ்லவி, ரேக்தா என்று பல பெயர்கள்; 'ஹிந்தி' என்பதும் ஒன்று! அந்தப் பெயரும் பாரசீகர் கொடுத்ததுதான். சிந்து அவர்கள் வாயில் ஹிந்த் ஆனது. ஹிந்தைச் சேர்ந்தது ஹிந்தி. கவிஞர் காலிபின் உருதுக் கடிதங்கள் 1868இல் 'ஊதே ஹிந்தி' என்ற பெயரில் வெளிவந்தன. இந்திய அகில் என்று பொருள். ஹிந்தி மொழியின் அகில் என்றும் கொள்ளலாம்.

ஹிந்தி வேறு, உருது வேறு என்ற பிரிவு எழுத்தில் தொடங்கியது. கல்கத்தாவில் 1800இல் அமைந்த வில்லியம் கோட்டைக் கல்லூரியில் மீர் அம்மன் பாரசீக எழுத்திலும், லல்லு லால் பாரசீகச் சொற்களை ஒதுக்கி நாகரியிலும் உரைநடை எழுதினார்கள். அப்புறம் நீதிமன்றத்தில் எந்த எழுத்து என்ற சண்டை. 1949இல் அரசியல் நிர்ணய சபை தேவநாகரி ஹிந்தியை ஆட்சிமொழியாக்கியது.

சரி, இந்தச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது? மொழிப் பெயர் உருதுவாகவே இருக்கட்டும். மூலச் சொல்லுக்குப் பாசறை பொருத்தம், பாளையமும் ஆகும். அரசன் தங்கும் இடம் என்ற பொருள் பாசறையில் அப்படியே கிடைக்கிறது. முல்லைப்பாட்டு காட்டுவதும் அத்தகைய பாசறையைத்தான். முகாம் என்று எழுதினால் ஒரு அரபுச் சொல்லைக் கொண்டு துருக்கியச் சொல்லை விளக்கியதாகும்.