விரிசல் விழுந்த பிறகுதான் ஸ்டீல் ஃபைபருக்கு வேலை

மண்டபம், பாம்பன் பக்கம் மீன் இறக்கும் தளம், ஐஸ் பிளான்ட் தரை போடுகிறவர்கள் இப்போது அடிக்கடி கேட்பது இதுதான்: "ஸ்டீல் ஃபைபர் கலந்தால் விரிசலே விழாதாமே, கம்பியும் வேண்டாமாமே சார்?"

ஸ்டீல் ஃபைபர் என்பது காங்கிரீட்டோடு கலக்கும் சின்னச் சின்ன இரும்புத் துண்டுகள், முனையில் கொக்கி போல வளைந்திருக்கும். கேள்வியின் முதல் பாதி தவறு. இரண்டாம் பாதிக்கு இடம் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும்.

காங்கிரீட்டின் இழுவிசைத் திறன் அதன் அமுக்கத் திறனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். கன மீட்டருக்கு 30 கிலோ ஃபைபர் என்றால் கேட்கப் பெரிதாக இருக்கும். கன அளவில் அது 0.4 சதவீதம்கூட இல்லை. முதல் விரிசல் விழும் சுமையை அது பெரிதாக உயர்த்தாது. ஆனால் கம்பியும் ஃபைபரும் இல்லாத உத்திரம் விரிசல் விழுந்ததுமே இரண்டாக உடையும், ஃபைபர் கலந்தது அப்படி உடையாது. விரிசலின் குறுக்கே கிடக்கும் ஃபைபர் துண்டுகள் இரு பக்கத்தையும் பிடித்து இழுக்கும். விரிசல் அகல அகல அவை மெல்ல உருவிக்கொண்டு வரும். முனையில் இருக்கும் கொக்கியை நிமிர்த்தவும் உராய்வை மீறவும் விசை வேண்டுமே, விரிசலுக்குப் பிறகும் தாங்கும் மிச்ச பலம் அதில்தான் இருக்கிறது. துண்டு உருவி வரவேண்டும், பட்டென்று அறுந்துவிடக் கூடாது. வழக்கமான அளவு ஃபைபரில் இந்த மிச்ச பலமும் விரிசல் அகலும்போது குறைந்துகொண்டே வரலாம்.

காங்கிரீட் கட்டியை நசுக்கிப் பார்க்கும் கியூப் டெஸ்டில் இது தெரியாது. ஈ.என். 14651 என்ற ஐரோப்பியத் தரச் சோதனையில் 150 மி.மீ. சதுர உத்திரத்தில் 25 மி.மீ. ஆழத்துக்கு வெட்டு போட்டு வளைப்பார்கள். வெட்டின் வாய் 0.5 மி.மீ., 2.5 மி.மீ. எனத் திறக்கும்போது எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்பார்கள். ரெடிமிக்ஸ்காரரிடம் எத்தனை கிலோ என்று கேட்பதைவிட, இந்த இரண்டு திறப்பிலும் எவ்வளவு தாங்கும் என்ற எண்களைக் கேளுங்கள்.

மண் தாங்கும் தரைக்கு முறையாக டிசைன் செய்தால் கம்பி இல்லாமலும் போடலாம். கூரைத் தளம், சன்ஷேடு, பீம் எதிலும் ஃபைபரை நம்பிக் கம்பியை விடாதீர்கள்.

அப்புறம் உப்பு. கலக்கும் தண்ணீரில் குளோரைடு, இரும்பில்லாத காங்கிரீட்டுக்கு லிட்டருக்கு 2000 மி.கி. வரை, கம்பி போட்டதற்கு 500 மி.கி. வரை என்கிறது காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. "கம்பிதான் இல்லையே" என்று போர் தண்ணீரை ஊற்றுகிறார்கள். ஃபைபரும் இரும்புதான், நான் 500-ஐத்தான் பிடிப்பேன்.

மேற்பரப்பில் தெரியும் பழுப்புப் புள்ளிகளுக்காகப் பயப்பட வேண்டாம். துண்டுகள் பெரும்பாலும் ஒன்றையொன்று தொடாமல் கிடப்பதால், விரிசலில்லாத காங்கிரீட்டில் துரு உள்ளே பரவுவது அரிது. அகலமான விரிசல்தான் ஆபத்து. ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத ஃபைபர் உப்பில் அரித்து மெலிந்தால், உருவி வருவதற்குப் பதில் அறுந்துவிடும். அதோடு அந்த மிச்ச பலமும் போச்சு. அதனால் நம் கரையில், விரிசல் கண்ட இடத்தில் விழாமலிருக்கத் தரையில் கோடாக ஜாயின்ட் வெட்டுவதை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். காங்கிரீட் இறுகியதும் வெட்டிவிடுங்கள். கியூரிங்கும் நல்ல தண்ணீரில்தான்.