எச்சக் குளோரின் வேண்டாம், தங்கு குளோரின் போதும்

கிராமக் குடிநீர்த் திட்டங்களின் அறிவித்தல் பலகைகளில் "எச்சக் குளோரின்" (ஆங்கிலத்தில் "ரெசிடுவல் குளோரின்") என்ற தொடர் குடியேறிவிட்டது. பயிற்சிப் பட்டறைகளிலும் அதையே ஓதுகிறார்கள். மட்டக்களப்பு வாவியின் மேற்குப் புறமான படுவான்கரையில் ஒரு குடிநீர்ச் சங்கத்தின் கூட்டத்தில், "இந்த மாதம் எங்கள் தண்ணீரில் எச்சம் இல்லை" என்று அறிக்கை வாசிக்கப்பட்டதும் சபையோர் மகிழ்ந்து கைதட்டினார்கள். உண்மையில் அது அபாய அறிவிப்பு. ஒரு கலைச்சொல் இவ்வளவு தலைகீழாக விளங்கிக்கொள்ளப்படுகிறது என்றால் பிழை கேட்டவர்களுடையது அல்ல.

முதலில் பொருள். நீர்த்தாங்கியில் வெளிற்றும் தூளைக் கரைத்து விட்டதும் அதிலுள்ள குளோரினில் ஒரு பங்கு கிருமிகளோடும், இரும்போடும், மக்கிய இலைதழைகளின் கரைசலோடும் வினைபட்டுச் செலவாகிவிடும். செலவாகாத பங்கு தண்ணீரோடு குழாய்வழியே கடைசி வீடு வரை போகும். அதைத்தான் எச்சக் குளோரின் என்கிறார்கள். சிறு திட்டங்களில் நாள் முழுவதும் நீர் ஓடுவதில்லை. ஓட்டம் நின்று அமுக்கம் குறைந்ததும் வெடிப்புகளின் வழியே வெளி அழுக்கு குழாய்க்குள் கசியும். அப்போது காவலுக்கு இருப்பது அந்தச் செலவாகாத பங்கு மட்டுமே. நீர் வீட்டுக்கு வந்துசேரும் இடத்தில் அது லீட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். 1 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்கிறது இலங்கையின் குடிநீர்த் தரமான எஸ்.எல்.எஸ். 614. ஆயிரம் லீட்டருக்கு ஒரு கிராம், அவ்வளவுதான் உச்சம்.

பிறப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குளோரின் என்பது வெளிர்பச்சை நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1810ஆம் ஆண்டில் ஹம்ப்ரி டேவி இட்ட பெயர். அதற்கு முன்னால் வரும் "ரெசிடுவல்" என்ற அடைமொழியின் மூலம் இலத்தீன். பின்தங்கி அமர்ந்திருத்தல் என்பது அதன் வேர்ப்பொருள். கழிவு என்ற வாடையே அதில் இல்லை.

எச்சத்துக்கு வக்காலத்து வாங்குவோர் அது பழந்தமிழ் என்கிறார்கள். ஆம், எஞ்சு என்ற வினையிலிருந்து பிறந்த நல்ல சொல். குறளில் ஒருவர் தமக்குப் பின் விட்டுச்செல்வது எச்சம், இலக்கணத்தில் பெயரெச்சமும் வினையெச்சமும் உண்டு. யாரும் மறுக்கவில்லை. ஆனால் அறிவித்தல் பலகை இலக்கண வகுப்புக்காக எழுதப்படுவதில்லை. சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் வயல் செய்கிறவர்கள் இன்று இந்தச் சொல்லை எங்கே கேட்கிறார்கள்? பீடைகொல்லி எச்சம் என்ற தொடரில். நெல்லிலும் மரக்கறியிலும் ஒட்டியிருக்கும் நஞ்சு அது. அடுத்தபடியாகக் காகத்தின் எச்சம். இவ்விரண்டையும் அறிந்த காதில் "எச்சக் குளோரின்" விழுந்தால், கழுவி அகற்ற வேண்டிய ஏதோ ஒன்று என்றுதான் மனம் முடிவுகட்டும். ஏற்கெனவே மருந்து மணக்கிறது என்று குழாய்த் தண்ணீரை ஒதுக்கிவிட்டுக் கிணற்றுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த அச்சத்துக்கு இந்தச் சொல் முத்திரை குத்திக் கொடுக்கிறது. முறைப்பாடு வந்ததும் பம்பு பார்ப்பவர் தூளைக் குறைக்கிறார், கடைசி வீட்டுக்கு ஒன்றுமே போய்ச் சேர்வதில்லை. தூய தமிழ் எனக்கும் உயிர்தான். ஆனால் தூய்மை மட்டும் இருந்து தெளிவு இல்லாத சொல்லைக் குடிநீர் விடயத்தில் ஏற்க முடியாது.

"மீதிக் குளோரின்" என்கிறார்கள் சிலர். கடையில் மீதிக் காசு என்பது போலத் தேவைக்கு மேற்பட்டது, திருப்பிக் கொடுக்க வேண்டியது என்ற பொருளை அது கிளப்புகிறது. அளவுக்கு மிஞ்சிப் போட்டுவிட்டார்கள் என்ற எண்ணம் அடுத்து வரும். "காப்புக் குளோரின்" கேட்க இனிமையானது. எனினும் போட்ட குளோரின் எல்லாமே காப்புக்குத்தான். அளந்து பார்ப்பது எந்தப் பங்கை என்று அச்சொல் காட்டவில்லை.

நான் சொல்வது "தங்கு குளோரின்". குடிநீர், சுடுநீர், ஊறுகாய் போல இதுவும் வினைத்தொகை. தங்கிய, தங்குகின்ற, தங்கும் என்று மூன்று காலமும் அதில் அடங்கும். தாங்கியில் தங்கியதும், குழாயில் தங்குகிறதும், குடத்தில் சற்று நேரம் தங்கப்போவதும் ஒரே சொல்லுக்குள் வந்துவிடுகின்றன. வினைத்தொகையில் வலி மிகாது. ஆகவே "தங்குக்குளோரின்" என்று எழுதிக் கெடுத்துவிட வேண்டாம். இதன் பெரிய பயன் எதிர்மறையில் தெரியும். "குளோரின் தங்கவில்லை" என்றால் எந்த வீட்டாரும் ஏன் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விதான் வேண்டும். நேற்றுவரை தங்கியது இன்று தங்கவில்லை என்றால் தூள் பழுதாகியிருக்கலாம், அல்லது வழியில் அழுக்கு புகுந்து அதைத் தின்றிருக்கலாம்.

இன்னொரு கொடுமையையும் சொல்லியாக வேண்டும். ஒரு கையேட்டில் "இலவச எச்சக் குளோரின்" என்று அச்சிட்டிருந்தார்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் "ஃப்ரீ" என்பதே சொல்; விலையில்லாமல் கொடுப்பதற்கும், அமோனியாவோடு பிணையாமல் தனித்து நிற்பதற்கும் வேறுபாடு தெரியாத கணினி மொழிபெயர்ப்பு அது. அதை ஒருவர் வாசித்துப் பார்த்துத்தானே அச்சுக்கு விட்டிருப்பார்? மலசலகூடக் குழிகளுக்கு அருகே ஆழமில்லாத கிணறுகள் உள்ள மணல் நிலம் எங்கள் கரையோரம். அமோனியா கலந்த நீரில் குளோரின் பிணைந்துவிட்டால் கிருமி கொல்லும் வலு வெகுவாகக் குறையும். ஆகவே "பிணையாத தங்கு குளோரின்", "பிணைந்த தங்கு குளோரின்" என்று இரண்டையும் பிரித்துச் சொல்லத்தான் வேண்டும். பாடநூல்களில் உள்ள "சுயாதீன" என்ற வடசொல்லைவிட இது நீரின் உள்ளே நடப்பதை நேராகச் சொல்கிறது.

பலகையில் எழுத இரண்டு வரி போதும்: "கடைசிக் குழாயில் தங்கு குளோரின்: 0.4. இது 0.2இற்குக் கீழே போனால் உடனே சங்கத்துக்கு அறிவியுங்கள்."