“இன்னும் கோடு தெரியுதே, டாக்டர்!”

பினாங்கின் பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அம்மா, மகனின் எக்ஸ்ரேயைக் கைபேசியில் படம் பிடித்து அனுப்பியிருந்தார். நடுவில் கால் எலும்பு, அதன்மேல் அவர் வீட்டு மின்விசிறி பளபளத்துக்கொண்டிருந்தது. கூடவே ஒரு குரல் பதிவு: “கம்பி வச்சு ஆறு வாரம் ஆச்சு டாக்டர், இன்னும் கோடு தெரியுதே. எலும்பு ஒட்டலையா?”

மகனுக்கு 24 வயது. பக்கத்து ஊரான பிறையில் இரவு வேலைக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து கீழ்க்கால் எலும்பு உடைந்தது. சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி), எம்சி (மருத்துவ விடுப்பு) எல்லாம் சரியாக நடக்கிறது. இப்போது வீட்டின் மொத்தக் கவலையும், எலும்பு உடைந்த இடத்தைக் காட்டும் அந்தக் கோடுதான். நான் ஒன்றுதான் கேட்டேன்: தம்பி எப்படி நடக்கிறார்? “காலை ஊன்றித்தான் நடக்கிறான், வலி குறைஞ்சிடுச்சுன்னு சொல்றான்.” அப்படியென்றால் பயப்பட வேண்டாம் என்றேன்.

உடைந்த இடத்தில் முதலில் உருவாவது நாரும் குருத்தெலும்பும் கலந்த மெத்தென்ற திசு. எக்ஸ்ரேக்கு அது தெரியாது. அதில் சுண்ணாம்புச் சத்து படிந்த பிறகுதான் படத்தில் வெள்ளைப் புகை மாதிரி ஏதோ தெரியத் தொடங்கும். எலும்பு வேலையை ஆரம்பித்துச் சில வாரங்கள் கழித்துத்தான் படத்துக்குச் செய்தி வரும். பெரியவர்களின் கீழ்க்கால் எலும்பு ஒன்றுகூடுவதற்கு நான்கைந்து மாதம் ஆவதும் சகஜம். புகைபிடிப்பவர், இனிப்புநீர் உள்ளவர் என்றால் இன்னும் தள்ளிப்போகலாம்.

எலும்புக்குள் கம்பி வைத்த காலுக்கு ‘ரஸ்ட்’ என்றொரு மதிப்பெண் முறை 2010-இல் வெளிவந்தது. முன்பக்கம் ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம். இரண்டிலும் சேர்த்து எலும்புக்கு நான்கு ஓரங்கள். ஓர் ஓரத்துக்கு 1 முதல் 3 வரை, ஆக மொத்தம் 4 முதல் 12 வரை. பொதுவாக மூன்று ஓரங்களில் புது எலும்பு பாலம் போட்டிருந்தால் கூடிவிட்டது என்போம். இவ்வளவு கணக்கு வைத்தும் ஒரே படத்தைப் பார்க்கும் இரண்டு மருத்துவர்கள் வேறு வேறு பதில் சொல்வதுண்டு. நானே காலையில் பார்த்ததை மாலையில் பார்த்து மனம் மாறியிருக்கிறேன்.

பிளேட் என்ற உலோகத் தகடு போட்ட எலும்பின் கதை வேறு. இரு முனைகளையும் நெருக்கி இறுக்கிவிட்டால் புகையே வராமல் கோடு மெல்ல மங்கும். அதனால் “ஒன்றுமே வளரவில்லையே” என்று பதற வேண்டியதில்லை. ஆனால் அந்த உலோகம் ஓர் ஓரத்தை மறைத்துக்கொண்டு நிற்கும். கதிர் சாய்வாக விழுந்தால் இருக்கிற பிளவும் காணாமல் போகும்.

இதை நான் கற்றது ஒரு தவறில். ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அக்கா, முன்கையில் பிளேட். ஐந்தாம் மாதப் படத்தில் கோடு இல்லை. “எலும்பு கூடிடுச்சு, தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கலாம்” என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டேன். “துணி பிழியும்போது மட்டும் சுருக்குன்னு வலிக்குது” என்று அவர் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 500 படிகளுக்கு மேல். அவர் ஏறி இறங்கிவிட்டார், கால்கள் நன்றாகத்தான் இருந்தன. குடத்தைப் பிடித்த கைதான் அன்றிரவே வீங்கிவிட்டது.

பழைய படங்களை வரிசையாக மாட்டிப் பார்த்தேன். ஒரு ஸ்குரூவைச் சுற்றி மெல்லிய கறுப்பு வளையம், மாதத்துக்கு மாதம் கொஞ்சம் அகலமாகி இருந்தது. ஸ்குரூ ஆடுகிறது என்பதற்கு அது அடையாளம். கடைசிப் படத்தை மட்டும் பார்த்தால் கண்ணில் படாது. சிடி ஸ்கேனில் பிளேட்டுக்கு அடியில் இடைவெளி தெளிவாகத் தெரிந்தது. அதற்காக எல்லாருக்கும் சிடி எடுக்கச் சொல்லவில்லை. அதில் கதிர்வீச்சு அதிகம், உலோகம் அங்கேயும் படத்தைக் கலைக்கும்.

அதனால் மறுபரிசோதனைக்கு வரும்போது பழைய படங்களையும் கொண்டு வாருங்கள். வேறு மருத்துவமனையில் எடுத்ததென்றால் குறுவட்டில் பதிந்து தரச் சொல்லிக் கேளுங்கள். எந்த வேலை செய்யும்போது எந்த இடத்தில் வலிக்கிறது என்பதை, மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

அந்த அக்காவுக்கு இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து வைத்து மறுபடி பிளேட் போட்டோம். மூன்று மாதம் கழித்து வந்தவர் எக்ஸ்ரே உறையை நீட்டினார். அதை மேசையில் வைத்துவிட்டு, கைகழுவும் தொட்டியில் ஒரு துண்டை நனைத்து அவர் கையில் கொடுத்தேன்.