சொல் விளக்கம்: ஃபாஸ்ட் லென்ஸ்

சின்ன மிரர்லெஸ் கேமரா ஒன்றை வாங்கியவருக்குச் சீக்கிரமே ஒரு யோசனை வந்து சேரும்: "முகம் எடுக்கணும்னா ஒரு ஃபாஸ்ட் லென்ஸ் வாங்கிடுங்க." கேட்பவர் பெரும்பாலும் இதைச் சட்டென்று ஃபோகஸ் பிடிக்கும் லென்ஸ் என்றே எடுத்துக்கொள்கிறார். தப்பு அவருடையது இல்லை, பெயர் அப்படி. 7 ஆர்ட்டிசன்ஸ் நிறுவனத்தின் 55 மி.மீ. எஃப் 1.4 லென்சில் ஃபோகஸ் செய்ய மோட்டாரே கிடையாது. வளையத்தைக் கையால்தான் திருக வேண்டும். ஆனாலும் அது ஃபாஸ்ட் லென்ஸ்தான்.

இந்த வேகம் ஷட்டருடையது, அதாவது ஒளியை உள்ளே விட்டு மூடும் திரையுடையது. லென்சின் துளை பெரிதானால் ஒளி நிறைய வரும். துளையின் அளவைச் சொல்வதுதான் 'எஃப்' எண், எண் சின்னதானால் துளை பெரிது. ஒளி நிறைய வந்தால் ஷட்டர் சீக்கிரம் மூடிக்கொள்ளலாம். கேமராவோடு சேர்த்துத் தரும் ஜூம் லென்சை முழுக்க நீட்டினால் பெரும்பாலும் எஃப் 5.6தான் கிடைக்கும். இரவில் கூடத்து டியூப்லைட் வெளிச்சத்தில் குழந்தையைப் படம் எடுக்கிறீர்கள், ஷட்டர் 1/20 வினாடி என்று வைத்துக்கொள்வோம். குழந்தை தலையைத் திருப்பினால் முகமே இழுபட்டுப் போகும். அதே ஐஎஸ்ஓவில், அதாவது சென்சாரின் ஒளியுணர்வு அளவை மாற்றாமல், துளையை எஃப் 1.8க்குத் திறந்தால் ஏறத்தாழ பத்து மடங்கு ஒளி வரும், ஷட்டர் 1/200க்குப் போய்விடும். படம் தப்பிக்கும்.

இந்தப் பேச்சு தொடங்கியதும் முகப்படத்தில்தான். 1839இல் பிரெஞ்சுக்காரர் டாகெர் தன் புகைப்பட முறையை அறிவித்தபோது இருந்த பாரிஸ் லென்ஸ், ஷெவாலியே செய்தது, சுமார் எஃப் 15. வெயிலில் உட்கார்ந்தாலும் நிமிடக் கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். பின்னந்தலைக்கு முட்டுக் கொடுத்த ஸ்டூடியோக்கள் உண்டு. அடுத்த ஆண்டே, 1840இல், வியன்னாவில் கணிதப் பேராசிரியராக இருந்த யோசெப் பெட்ஸ்வால் எஃப் 3.6 அளவில் ஒரு லென்சைக் கணக்குப் போட்டே வடிவமைத்தார். கணக்கில் கைகொடுக்க ஆஸ்திரியப் பீரங்கிப் படையினரை அனுப்பினார்கள். தயாரித்தது ஃபோக்ட்லேண்டர். ஒரே தாவலில் பதினைந்து மடங்குக்கும் மேல் ஒளி! அதன் பிறகுதான் ஆளை உட்காரவைத்து முகம் எடுப்பது தொழிலாக நிமிர்ந்தது.

பெயரில் வேகத்தை ஒட்டும் பழக்கம் ஆங்கிலத்தில் பழையது. லண்டனில் டால்மேயர் 1866இல் 'ரேப்பிட் ரெக்டிலினியர்' என்று ஒரு லென்ஸ் கொண்டுவந்தார். ரேப்பிட் என்றால் விரைவு. அதன் அளவு எஃப் 8! இன்றைக்கு அந்த அளவை யாரும் வேகம் என்று சொல்ல மாட்டார்கள். ஆக, இந்தச் சொல்லுக்கு நிலையான அளவும் கிடையாது, காலத்துக்குக் காலம் கோடு நகர்கிறது.

ஃபாஸ்ட் என்ற சொல்லே ஒரு விசித்திரம். பழைய ஆங்கிலத்தில் அதற்கு உறுதியான, அசையாத என்றுதான் பொருள். விரைவு என்ற பொருள் பின்னால் வந்தது. துணிக்கடையில் 'ஃபாஸ்ட் கலர்' என்கிறார்களே, சாயம் போகாத துணி, அதில் இருப்பது பழைய பொருள்.

மற்ற மொழிக்காரர்கள் பலர் வேகத்தின் பக்கம் போகவே இல்லை. ஜெர்மனில் 'லிஷ்ட்ஷ்டார்க்', அதாவது ஒளிவலிமை மிக்கது. ரஷ்ய மொழியிலும் ஏறக்குறைய அதே பொருளில்தான் சொல் இருக்கிறது. பிரெஞ்சுக்காரருக்கு அது ஒளி நிறைந்த லென்ஸ், ஜப்பானியருக்கு 'அகருய் ரென்சு', வெளிச்சமான லென்ஸ். நாமோ ஆங்கிலத்தை மட்டும் பார்த்து 'வேகமான லென்ஸ்' என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். தமிழில் படிப்பவருக்கு அதில் ஃபோகஸ் வேகம் தவிர வேறெதுவும் தோன்ற வழியில்லை.

லென்சுக்கு நம்மிடம் 'வில்லை' இருக்கிறது, இலங்கைப் பாடநூல்களில் பழகிய சொல். லத்தீனில் லென்ஸ் என்றால் மசூர் பருப்பு. இரண்டு பக்கமும் புடைத்த கண்ணாடிக்கு அந்தப் பருப்பின் பெயரை வைத்தார்கள். நாம் கற்பூர வில்லையைப் பார்த்து வைத்திருக்கிறோம். குறை ஒன்றுமில்லை.

முன்னால் போட வேண்டிய அடைமொழிதான் கேள்வி. 'விரைவு வில்லை' வேண்டாம், பழைய குழப்பமே திரும்பும். 'ஒளிமிகு வில்லை' நல்ல சொல், ஜெர்மன்காரரின் வழி. என் ஓட்டு 'அகல்துளை வில்லை'க்கு. காரணம், துளை அகலமானால் ஒளி மட்டும் கூடுவதில்லை, பின்புலமும் மங்கிக் கரைகிறது. முகப்படக்காரர் காசு கொடுப்பது பெரும்பாலும் அந்தக் கரைசலுக்குத்தான். எஃப் 5.6 போன்றதைச் 'சிறுதுளை வில்லை' என்றால் எதிர்ச்சொல்லும் கிடைத்துவிடுகிறது. பேச்சில் ஃபாஸ்ட் லென்ஸ் இருந்துவிட்டுப் போகட்டும், கடையில் அப்படிக் கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.

துளை என்று நினைத்துக்கொண்டால் வாங்கும்போதும் தெளிவு வரும். எஃப் எண் என்பது குவியத்தூரத்தை, அதாவது லென்சின் பெயரில் வரும் மி.மீ. எண்ணை, துளையின் விட்டத்தால் வகுத்தது. ஒலிம்பஸ் 45 மி.மீ. எஃப் 1.8 லென்சில் துளை 25 மி.மீ. சிக்மா 56 மி.மீ. எஃப் 1.4 என்றால் 40. ஃபியூஜிஃபில்ம் 56 மி.மீ. எஃப் 1.2க்குக் கிட்டத்தட்ட 47. மூன்றும் அவரவர் கேமராவில் ஏறத்தாழ ஒரே அளவுக்கு முகத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவரும். ஆனால் ஒரே தூரத்தில் நின்று எடுத்தால் துளை பெரிதான லென்சில்தான் பின்புலம் அதிகம் கரையும். பெரிய சென்சார் உள்ள முழுச்சட்டக் (ஃபுல் ஃபிரேம்) கேமராவின் 85 மி.மீ. எஃப் 1.8 லென்சிலும் துளை 47தான். சின்ன சென்சார் வைத்திருப்பவர் அந்தக் கரைசலை எட்ட எஃப் 1.2 வரை போக வேண்டியிருப்பது இதனால்தான்.

சரி, போகலாமா? 2011இல் வந்த அந்த ஒலிம்பஸ் லென்ஸ் 116 கிராம், சட்டைப்பைக்குள் போகும். 2014இல் வந்த முதல் ஃபியூஜி 56 எஃப் 1.2 சுமார் 400 கிராம். சின்ன கேமராவில் மாட்டினால் மூக்கு கீழே இழுக்கும். எஃப் 1.2இல் நெருங்கி நின்று, முகத்தைச் சற்றே திருப்பி எடுத்தால் முன்கண் இமை ஒவ்வொன்றும் தெரியும், பின்கண் மங்கிவிடும். இரண்டு கண்ணும் வேண்டுமே என்று துளையை எஃப் 2.8க்குச் சுருக்கிவிட்டுத்தான் பலரும் எடுக்கிறார்கள். உடம்பு சின்னதாக இருக்க வேண்டும் என்றுதானே அந்தக் கேமராவை வாங்கினோம், அதற்கு 1.8 போதும்.