"தெரியாம குடிச்சிட்டாள்னு எழுதிடுங்க, மேடம்"

அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் எந்த மருத்துவரும் இதைக் கேட்டிருப்பார். விஷம் குடித்த பெண் உள்ளே கிடப்பாள். வெளியே அப்பா கையெடுத்துக் கும்பிடுவார். "கல்யாணம் ஆகாத பொண்ணு மேடம். மருந்து பாட்டில் மாறிப்போச்சுன்னு எழுதிடுங்க."

கேட்பவர் கெட்டவர் இல்லை. போலீஸ் வரும், ஊர் பேசும், வரன் தட்டிப்போகும் என்ற பயம். ஒரு வரிதானே, மாற்றி எழுதினால் என்ன என்று நமக்கும் தோன்றும்.

அந்த ஒரு வரியால் நோயாளிக்குத்தான் நஷ்டம். விபத்து என்று எழுதிவிட்டால் மனநல மருத்துவரைக் கூப்பிடக் காரணமே இல்லை. உடம்பு தேறியதும் டிஸ்சார்ஜ், எந்த வீட்டில் மூச்சு முட்டியதோ அதே வீட்டுக்கு. ஒருமுறை முயன்றவர் மறுபடி முயலும் ஆபத்து மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம்.

போலீஸ் பயத்துக்கு வருவோம். பழைய இந்திய தண்டனைச் சட்டம் 309-ஆம் பிரிவின்படி தற்கொலை முயற்சிக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு அதன் பல்லைப் பிடுங்கியது. முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது, சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது அது. 2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 309 அப்படியே இடம்பெறவில்லை. அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுக்கவோ நிர்ப்பந்திக்கவோ தற்கொலைக்கு முயல்வது மட்டுமே இப்போது குற்றம். ஆஸ்பத்திரியிலிருந்து போலீசுக்குத் தகவல் போகும், அவர்கள் வந்து விசாரிக்கவும் செய்வார்கள். ஆனால் முயன்றதற்காக உங்கள் மகளை ஜெயிலில் போட மாட்டார்கள். இதை நிதானமாகச் சொன்னாலே பாதிப் பேர் அடங்கிவிடுகிறார்கள்.

இன்சூரன்ஸ் கிடைக்காதே என்பார்கள் சிலர். பல பாலிசிகளில் தானே வருவித்துக்கொண்ட பாதிப்புக்குப் பணம் கிடையாது, அந்தக் கவலை நியாயமானதுதான். அதற்காகப் பொய் எழுத முடியாது.

புதிதாகக் கல்யாணமான பெண் என்றால் நான் இன்னும் ஜாக்கிரதையாக இருப்பேன். ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் யார் அழைத்து வந்தது, எத்தனை மணிக்கு, என்ன நடந்ததாகச் சொன்னார்கள் என்று எழுத வேண்டும். அதைவிட முக்கியம், சொன்னது யார் என்பது. 'மாமியார் கூறியபடி' என்று எழுதுவதும், விசாரிக்காமல் 'தவறுதலாகக் குடித்தார்' என்று எழுதுவதும் ஒன்றல்ல. அந்தப் பெண் இறந்துபோனால், திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் என்பதால் ஆர்.டி.ஓ. (வருவாய் கோட்டாட்சியர்) விசாரணை வரும். அவளால் பேச முடியாதபோது, பேசுவது அந்தப் பதிவுதான்.

அதனால் மாமியார் கையில் மருந்துச் சீட்டைக் கொடுத்து ஃபார்மசிக்கு அனுப்பிவிடுவேன். கணவரை அட்மிஷன் கவுண்டருக்கு. அப்புறம் கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "என்னம்மா ஆச்சு?" பல பெண்கள் முதலில் கதவைத்தான் பார்ப்பார்கள். அவர்கள் போய்விட்டார்கள் என்று உறுதியானதும் வருகிற கதை வேறாக இருக்கும்.

நிஜமான சங்கடம் அப்புறம்தான். "அப்பாகிட்ட காரணத்தைச் சொல்லிடாதீங்க" என்பாள், பெரும்பாலும் காதல். பதினெட்டு வயது ஆனவள் என்றால், அவள் சம்மதமில்லாமல் காரணத்தை வீட்டாரிடம் நான் சொல்வதில்லை, அப்பா எத்தனை முறை கேட்டாலும் சரி. மறுபடி முயல்வாள் என்று பட்டால், காரணத்தை விட்டுவிட்டு, தனியாக விடாதீர்கள் என்று மட்டும் வீட்டில் சொல்வேன். வயது குறைவு, பாலியல் கொடுமை என்றால் அந்த ரகசியத்தைக் காக்க எனக்கு உரிமையில்லை, போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும். அதை அவளிடமே முன்கூட்டிச் சொல்லிவிடுவது நல்லது.

வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் மனநல மருத்துவர் பார்க்காமல் டிஸ்சார்ஜ் கேட்காதீர்கள். வீட்டிலிருக்கும் பூச்சிமருந்து, மாத்திரைகளை அவர் கைக்கு எட்டாமல் எடுத்துவிடுங்கள். ராத்திரியில் யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் தமிழக அரசின் உதவி எண் 104, அல்லது மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. இரண்டிலும் தமிழிலேயே பேசலாம்.