தனிப்புகார் வழக்கை ரத்து செய்யக் கேட்கும் முன்

போலீஸ் கைவைக்காத விவகாரம்கூட, ஒருவர் நேரடியாக மாஜிஸ்திரேட் கோர்ட்டில் கொடுக்கும் தனிப்புகாராக நுழைந்து சி.சி. நம்பர், அதாவது வழக்கு எண், வாங்கிவிடும். அதை ரத்து செய்ய உயர்நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 482. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தில் பிரிவு 528. சட்டம் இவ்வளவுதான். அலைச்சல் இனிமேல்தான்.

சம்மன் அனுப்பிய மாஜிஸ்திரேட்டிடமே "சம்மனைத் திரும்பப் பெறுங்கள்" என்று மனு போடாதீர்கள். அவருக்கு அந்த அதிகாரம் இல்லை என்று 2004-லேயே அதாலத் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்னமும் ஃபீஸ் வாங்கிக்கொண்டு இதைப் போட்டுத் தருபவர்கள் இருக்கிறார்கள். நாலு வாய்தா வீண்.

"கையெழுத்து என்னுடையது இல்லை", "அன்றைக்கு நான் ஊரிலேயே இல்லை" என்பதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் உயர்நீதிமன்றத்தில் "விசாரணையில் சொல்லுங்கள்" என்று மனுவைத் தள்ளிவிடுவார்கள். புகாரில் இருப்பதை அப்படியே நம்பினாலும் குற்றம் ஆகிறதா என்பதுதான் அங்கே பெரும்பாலும் கேள்வி. 1990-ல் உச்ச நீதிமன்றம் தந்த பஜன்லால் தீர்ப்பை வக்கீல்கள் அடிக்கடி காட்டுவது இதற்காகத்தான். வெறும் பணப் பாக்கிக்கு மோசடி என்று பெயர் வைத்திருப்பது, நீங்கள் அந்த மாஜிஸ்திரேட்டின் எல்லைக்கு வெளியே குடியிருந்தும் அவர் முன்விசாரணை செய்யாமல் சம்மன் அனுப்பியது போன்றவை எடுபடும்.

புகார், புகார் கொடுத்தவரின் சத்தியப் பிரமாண வாக்குமூலம், சம்மன் உத்தரவு மூன்றுக்கும் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் உடனே நகல் மனு போடுங்கள். "கட்டு மேலே போயிருக்கு, நாளைக்கு வாங்க" என்பார்கள். அந்த நாளை இரண்டு வாரம் கழித்து வரும். புகாரில் கையால் எழுதிய, படிக்க முடியாத பக்கம் இருந்தால் தட்டச்சு நகலும் சேர்த்துவிடுங்கள்; இல்லையென்றால் உயர்நீதிமன்றப் பதிவுத்துறையிலிருந்து உங்கள் மனுக் கட்டு ரிட்டர்ன் ஆகும், நம்பர் ஆகாது.

எனக்குத் தெரிந்த மளிகைக் கடைக்காரர் ஒருவர், "ஹைகோர்ட்டில் போட்டாச்சே" என்று அடுத்த வாய்தாவுக்குப் போகவில்லை. பிடிவாரண்டோடு போலீஸ் கடை வாசலில் வந்து நின்றது. மனு போட்டாலே கீழ்க்கோர்ட் நிற்காது. இடைக்காலத் தடையையும், நேரில் ஆஜராவதிலிருந்து விலக்கையும் தனித்தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். உத்தரவு நகல் கீழ்க்கோர்ட் கட்டில் ஏறும்வரை வாய்தாவுக்குப் போய்க்கொண்டே இருங்கள்.

அப்புறம் ஒன்று. புதிய சட்டத்தின் பிரிவு 223-படி, புகாரைக் கோப்பில் எடுக்கும் முன்பே உங்கள் தரப்பைக் கேட்க நோட்டீஸ் வரும். "சம்மன் இல்லையே" என்று மடித்து வைத்துவிடாதீர்கள். காகிதங்களோடு வக்கீலைக் கூட்டிக்கொண்டு போனால், சில புகார்கள் அங்கேயே விழுந்துவிடும்.