ஹிஸ்டரெக்டமின்னா கரு நீக்கம் இல்லீங்க

கோத்தகிரி பக்கம் ஒரு மெடிக்கல் கேம்ப் நோட்டீஸ்ல மறுபடியும் பாத்தேன், "கரு நீக்க அறுவை சிகிச்சை". ஹிஸ்டரெக்டமிக்குத்தான், அதாவது கருப்பையை எடுக்குற ஆபரேசனுக்குத்தான் இப்படிப் போட்டிருக்காங்க. யாருதான் எழுதிக் குடுக்குறாங்களோ.

கிரேக்கத்துல ஹிஸ்டெரான்னா கருப்பை, எக்டோமின்னா வெட்டி எடுக்குறது, அவ்ளோதான். (ஹிஸ்டீரியாவும் அதே ஹிஸ்டெராதான், பொம்பளைக்கு என்ன வந்தாலும் கருப்பை மேலயே பழி போட்ட காலம்.)

கருன்னா உள்ள வளர்றது, கருப்பைன்னா அது வளர்ற பை. பையை விட்டுட்டு கரு நீக்கம்னு எழுதினா படிக்கிறவங்களுக்கு அது அபார்ஷன்தான். பேரன் பேத்தி எடுத்த, எஸ்டேட்ல இலை பறிக்கிற ஒரு அக்கா இந்தச் சீட்டோட லைன் வீட்டுக்குப் போனா என்னென்ன பேச்சு வரும்னு எழுதினவருக்குத் தெரியுமா? அவங்களுக்கு நார்க்கட்டி இருக்கும், இல்ல உதிரப்போக்கு நிக்காம ரத்தம் கொறைஞ்சிருக்கும், இல்ல கருப்பை அடி இறங்கியிருக்கும், சிலருக்குப் புற்றுநோய், பிரசவத்துல ரத்தம் நிக்காம உசுரக் காப்பாத்த அவசரமா எடுக்குறதும் உண்டு, இதுல எங்கய்யா கருவை நீக்குறாங்க?

இன்னொரு கூட்டம் "கருத்தடை ஆபரேசன்"னு போடுது. அது குடும்பக் கட்டுப்பாடு, கருக்குழாயை மட்டும் அடைக்கிறது, மாசவிலக்கு வந்துட்டுதான் இருக்கும். இங்க பையே போயிடுது.

நம்ம சனங்க "கர்ப்பப்பைய எடுத்தாச்சு"ன்னு சொல்றதுல குழப்பமே இல்ல. கர்ப்பம் வடசொல்லுன்னு உறுத்துனா கருப்பை அகற்றம்னு எழுதுங்க, எல்லாருக்கும் புரியும். அதுக்கு மேல புதுசா எதையும் காய்ச்ச வேண்டாம்.

மொழிபெயர்க்கிறவங்க பண்ற அடுத்த கூத்து டோட்டல் ஹிஸ்டரெக்டமி. "முழு கருப்பை நீக்கம்"னு போட்டுட்டு போயிடுறாங்க, படிக்கிறவங்க சினைப்பையும் (முட்டை உருவாகுற இடம்) சேத்து எல்லாமே போச்சுன்னு நெனைக்கிறாங்க. அது தப்பு. டோட்டல்னா கருப்பையோட அதன் வாயும் சேந்து போறது, சினைப்பை அந்தக் கணக்குல வராது, அதை எடுத்தா தனியாச் சொல்லணும். ஏன்னா நாப்பது வயசுல ரெண்டு சினைப்பையையும் எடுத்தா ஹார்மோன் சட்டுன்னு நின்னு உடம்பெல்லாம் அனலா அடிக்கும், எலும்பும் தேயும், விட்டு வெச்சா அப்படி ஒரேயடியா வராது. கையெழுத்து வாங்குற பேப்பர்லயாவது கருப்பை, கருப்பை வாய், சினைப்பைன்னு எது எதை எடுக்குறாங்கன்னு பேர் சொல்லி எழுதுங்கய்யா.